முதுகில் ஓம் போட்ட ஸ்பீக்கர்

மனிதனுக்கு ஜாதகம் பார்க்கிறார்கள். மாட்டுக்குச் சுழி பார்க்கிறார்கள். பாட்டுப் பெட்டிக்கு ஜாதகம் பார்க்கும் ஒரு சாமியார் மண்ணூர்ப் பக்கம் வந்திருக்கிறார் என்று சொன்னால் நம்புவீர்களா? "போய்யா, யாருக்குக் காது குத்துறே?" என்பீர்கள். அப்படிக் கேட்ட ஆட்களைத்தான் மறுநாள் காலையில் நான் சாமியார் வாசலில் பார்த்தேன். தலையில் ஆம்ப்ளிஃபயர், இடுப்பில் ஸ்பீக்கர். வரிசை சாலை வரைக்கும் வந்து, மெட்ராஸ் போகிற பஸ்ஸுக்கே வழியில்லாமல் நின்றது.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று. ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த ஊர்களில் கம்பெனி வந்து, ஷிஃப்ட் வந்து, ஓ.டி. வந்து, கையில் நாலு காசும் புரள ஆரம்பித்திருந்த காலம். டிரான்சிஸ்டர் அலுத்துவிட்டது. வீட்டுக்கு வீடு ஸ்டீரியோ செட் வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. ஆசையில் தப்பில்லை. நல்ல பாட்டை நல்ல சத்தத்தில் கேட்க ஏழைக்கும் உரிமை உண்டு. ஆனால் செட்டை எப்படி வாங்க வேண்டும்? கடைக்குப் போ. உனக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொல். இரண்டு செட்டையும் மாற்றி மாற்றிக் கேள். எது காதுக்கு இதமாக இருக்கிறதோ அதை வாங்கு. காதால் கேட்டு வாங்க வேண்டிய பொருளை நம்மவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து வாங்கினார்கள்.

பார்க்க வைத்தவர் பெயர் ஸ்ரீலஸ்ரீ நாதப்பிரம்ம ஓங்காரானந்தா. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பாட்டு முடிந்துவிடும். தகரக் கொட்டகை, அதன் முகப்பில் 'நாத பீடம்' என்று பலகை. உள்ளே ஆம்ப்ளிஃபயர்கள் ஒரு பக்கம், ஸ்பீக்கர்கள் எதிர்ப்பக்கம். எல்லாவற்றுக்கும் குங்குமப் பொட்டு. நடுவில் புலித்தோல் மாதிரி அச்சடித்த ஜமுக்காளத்தின்மேல் சாமியார்.

அவருடைய மூலதனம் ஒரே ஒரு எழுத்து. ஸ்பீக்கரை எடுத்து முதுகுப் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

"என்ன எழுதியிருக்கிறது? படி!"

"எட்டு போட்டு கீது சாமி. பக்கத்துல இன்னாமோ குதிரை லாடம் மாதிரி…"

"லாடமா? அடே மூடா! அதன் பெயர் ஓம்! எந்தக் கடைக்காரனை வேண்டுமானாலும் போய்க் கேள். எட்டு ஓம் என்பான். வெள்ளைக்காரன் நம் பிரணவத்தைத் திருடிக்கொண்டு போய், பெட்டியின் முதுகில் ஒட்டி, நமக்கே விற்கிறான்!"

சிலர் போய்க் கேட்டார்கள். கடைக்காரன் பொய் சொல்லவில்லை. "ஆமாங்க, எட்டு ஓம்" என்றான். அவ்வளவுதான், ஆகாயத்திலிருந்து அசரீரி வந்த மாதிரி ஆகிவிட்டது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த வைணவருக்கு எட்டு ஓம் ஸ்பீக்கர்: எட்டெழுத்து மந்திரம். பிள்ளையில்லாதவருக்குப் பதினாறு ஓம்: பதினாறு பேறும் கிடைக்கும். பட்டை விபூதியோடு வந்த ஒருவர், "எங்களுக்கு அஞ்செழுத்தாச்சே, அஞ்சு ஓம் கீதா சாமி?" என்று கேட்டார். சாமியார் கண் இமைக்கவில்லை. "கம்பெனியில் சொல்லியிருக்கிறேன், வருகிறது. அதுவரை நாலு ஓம் எடுத்துக்கொள். நாலு வேதம்!" என்றார்.

படிக்காதவன்தான் ஏமாந்தான் என்று நினைத்து யாரும் சிரிக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தர் திருநாராயணன், பி.ஏ. படித்தவர். வரிசையில் முதல் ஆள் அவர்தான். அவர் மனைவி வத்ஸலா, பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். அந்த அம்மாள் வீட்டில் தலையிலடித்துக்கொண்டு சொன்னார்:

"ஏன்னா, ஓம்ங்கறது ஒரு ஜெர்மன்காரரோட பேரு. மின்சாரத்துக்கு எவ்வளவு தடை இருக்குன்னு சொல்ற அளவு. கிலோ, மீட்டர் மாதிரி. எட்டாங்கிளாஸ் பொண்ணுகூட சொல்லிடுவா."

"சரி, அந்த ஜெர்மன்காரனுக்கு அப்படி ஒரு பேரு வெச்சது யாரு? பெருமாள்தானே?" என்றார் பி.ஏ.

டீச்சர், அடுப்பில் குழம்பு பொங்குகிறதே என்று உள்ளே போய்விட்டார்.

ஓம் முடிந்ததும் பொருத்தம். ஆம்ப்ளிஃபயர் மாப்பிள்ளை, ஸ்பீக்கர் பெண். பத்துப் பொருத்தம் பார்க்காமல் இணைத்தால் குடும்பம் சிதறும். ரஜ்ஜுப் பொருத்தம் எது தெரியுமா? ரஜ்ஜு என்றால் கயிறு. ஆகவே வயர்! அந்த வயரை அவரிடம்தான் வாங்க வேண்டும். நாற்பது வாட்ஸ் மாப்பிள்ளையை முழு வேகத்தில் பாட விட்டால் பத்து வாட்ஸ் பெண் தாங்காது என்றும் சொல்வார். அவர் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான். அதையும் எந்த மெக்கானிக்கிடம் கேட்டாரோ!

"ஒரு மாப்பிள்ளைக்கு ரெண்டு பொண்ணா சாமி?" என்று ஒருவன் கேட்டுவிட்டான்.

"வல்லக்கோட்டைக்குப் போய் முருகனைப் பார்! இந்தப் பக்கம் வள்ளி, அந்தப் பக்கம் தெய்வானை. இடது ஸ்பீக்கர், வலது ஸ்பீக்கர். ஸ்டீரியோவைக் கண்டுபிடித்ததே முருகன்தான்!"

கூட்டம் அரோகரா போட்டது. சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? இந்த வள்ளி தெய்வானைப் பேச்சு ஒரு பெண்ணின் கழுத்துத் தாலி வரைக்கும் வந்து நின்ற கதையைக் கேளுங்கள். அப்புறம் சிரிக்கலாம்.

வடக்குப்பட்டு ரகுபதி, இரும்பு வார்ப்புக் கம்பெனியில் செகண்ட் ஷிஃப்ட் ஆள். நல்லவன். ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிறவன். சாலையோரம் கொஞ்சம் நிலம் உண்டு. தாயார் ராஜாமணி. மனைவி அம்சவல்லி, வல்லக்கோட்டையில் பிறந்தவள். கல்யாணமாகி எட்டு வருஷம். அம்சவல்லியின் நட்சத்திரம் ஆயில்யம். ஆயில்யத்தில் பிறந்தவள் மாமியாருக்கு ஆகாது என்று எவனோ எந்தக் காலத்திலோ உளறிவைத்ததை நம்பி, ராஜாமணி எட்டு வருஷமாகத் தன் கால்வலி, பல்வலி, தயிர் உறையாதது எல்லாவற்றையும் மருமகள் கணக்கிலேயே எழுதிக்கொண்டு வந்தாள்.

ரகுபதி போனஸ் வந்ததும் நாத பீடத்தில் செட் வாங்கினான். நாற்பது வாட்ஸ் மாப்பிள்ளை, எட்டு ஓம் பெண்கள் இருவர், டேப் ஒன்று. அன்று சாயங்காலம் வடக்குப்பட்டே அவன் வீட்டு வாசலில். நாகசுர கேசட் பாடியது பாருங்கள், தவுல்காரர் விரலில் கூடு மாட்டியிருப்பதுகூடத் தெரிந்தது. அம்சவல்லி குமிழைத் திருகித் திருகி, "தோ பாரு அத்தே, தாளம் தனியா கேக்குது!" என்று சின்னப் பெண்ணாட்டம் குதித்தாள். ராஜாமணிகூடச் சிரித்தாள்.

அப்படியே விட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. மறுவாரம் 'கிரகப்பிரவேச சாந்தி' என்று சாமியாரே வந்து இறங்கினார். கூடவே அவருடைய சீடன் சுப்பன், நாற்பது வயசுத் தடியன், கையில் சந்தனக் கிண்ணம். சாமியார் முன்னால் உட்கார்ந்து மணி அடித்தார். சுப்பன் செட்டுக்குப் பின்னால் போய்ச் சந்தனம் பூசினான். பூஜை முடிந்தது. "இப்போது பாட விடு" என்றார்.

நாகசுரம் வந்தது. அதன் அடியில் இன்னொன்றும் வந்தது. ம்ம்ம்ம்ம்ம் என்று ஓர் உறுமல்.

சாமியார் கண்ணை மூடினார். மூக்கை உறிஞ்சினார். "இந்த வீட்டில் ஆயில்யம் யார்?" என்று கேட்டார்.

ராஜாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எப்படிக் கண்டுபிடித்தார்! ஏனம்மா, செட் வாங்கப் போன அன்று வீட்டில் எல்லாருடைய நட்சத்திரத்தையும் அவரிடம் ஒப்பித்தது யார்? நீதானே? அது அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வருகிறது!

"ஆயில்யத்துக்கு அதிதேவதை சர்ப்பம். ஸ்பீக்கருக்குள் பாம்பு சீறுகிறது. கேட்கிறதா? அந்தப் பெண் இந்த வீட்டில் இருக்கும்வரை சீறும். நான் சொல்லவில்லை, நாதம் சொல்கிறது."

மறுநாளே அம்சவல்லியைப் பிறந்த வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டான் ரகுபதி. "கொஞ்ச நாளைக்குத்தான் அம்சா, சாமி சொல்றாரு இல்ல" என்றான். அவள் போன பிறகும் செட் உறுமியது. அப்போதாவது மூளை வேலை செய்ய வேண்டாமா? ஆள்தான் இல்லையே, பாம்பு எங்கிருந்து வந்தது? கேட்கவில்லை. சாமியாரைத்தான் கேட்டார்கள். அவள் பெட்டி இருக்கிறதே என்றார். பெட்டி போயிற்று. அவள் புடவை, அவள் கொண்டுவந்த பித்தளைக் குடம், சுவரிலிருந்த கல்யாணப் போட்டோ, எல்லாம் போயிற்று. அவள் நட்ட முருங்கை மரத்தையும் வெட்டினார்கள். ஒவ்வொரு சாந்திக்கும் சுப்பன் சந்தனத்தோடு பின்னால் போய்விட்டு வருவான். ஒரு நாள் சுத்தமாகப் பாடும். அடுத்த தடவை அவன் வந்துவிட்டுப் போனதும் திரும்ப உறுமும்.

கடைசியில் சாமியார் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "அவள் கழுத்தில் உன் தாலி இருக்கிறதே அப்பா. அது இருக்கும்வரை தோஷம் உன் வீட்டோடு கட்டித்தான் கிடக்கும். ஆம்ப்ளிஃபயருக்கு எத்தனை ஸ்பீக்கர்?"

"ரெண்டு சாமி."

"அதுதான் இறைவன் காட்டும் வழி. என் பூர்வாசிரமத்து அண்ணன் மகள் ஒருத்தி இருக்கிறாள். ரோகிணி நட்சத்திரம். உன் தாயாருக்கும் ரோகிணி. ரோகிணி இருக்கும் இடத்தில் நாதம் தேனாகச் சொட்டும்."

கம்பெனி உத்தியோகம், சாலையோர நிலம். அண்ணன் மகளுக்கு நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறார்! கிருத்திகை அன்று நாத பீடத்தில் ரகுபதியின் செட்டுக்குத் திருக்கல்யாணம். அதே பந்தலில் அம்சவல்லி தாலியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும், ரகுபதிக்கு நிச்சயதார்த்தம் நடக்கும் என்று முடிவாயிற்று.

கிருத்திகை அன்று விடிந்ததும் முதல் பஸ்ஸில் அம்சவல்லி வடக்குப்பட்டில் வந்து இறங்கினாள். ரகுபதி செட்டைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா, எனக்குச் சக்களத்தி கொண்டாரப் போறியாமே?"

"நான் இன்னா பண்றது அம்சா? செட்டு உறுமுதே!"

"எட்டு வருசம் உன்கூட குடித்தனம் பண்ணேனே, நான் எப்பனா உறுமுனனா?"

ரகுபதி, செட்டை ஏற்ற டிராக்டர் வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று வெளியே நழுவினான். அம்சவல்லிக்கு அழுகை வந்தது. வெட்டிப்போட்ட முருங்கையைப் பார்த்ததும் இன்னும் பொங்கிக்கொண்டு வந்தது. செட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, போர்வை இன்னும் மூடாத அதன் முதுகைப் பார்த்தாள்.

டேப்பிலிருந்து வருகிற வயரின் முனையில் ஒரு பின். அது ஆம்ப்ளிஃபயரின் துளைக்குள் முழுசாகப் போய் உட்கார வேண்டும். பாதி வெளியே நின்றது. உள்ளே இருக்க வேண்டிய அந்தப் பாதியில் காய்ந்துபோன சந்தனம்! பெட்டிக்கு வெளியே பூசுகிற சந்தனம் துளைக்குள் போகிற இடத்தில் எப்படி வந்தது? சந்தன விரலால் யாரோ பின்னை உருவியிருக்க வேண்டும். அம்சவல்லி அழுகையை நிறுத்தினாள். சுவிட்சைப் போட்டாள். உறுமியது. பின்னை அழுத்தினாள். நின்றது. கொஞ்சம் உருவினாள். ம்ம்ம்ம். அழுத்தினாள். சத்தம் போச்சு.

"அடப்பாவிங்களா! இந்தக் கட்டைவிரல் அளவு பின்னுக்கா என் குடும்பத்தைப் பிரிச்சீங்க?"

கத்தி ஊரைக் கூட்டியிருக்கலாம். என்ன நடந்திருக்கும்? ஆயில்யம் தொட்டதால் பாம்பு பதுங்கிவிட்டது என்பார்கள். ஊரும் ஆமாம் என்று தலையாட்டும். அம்சவல்லிக்கு ஊரையும் தெரியும், சாமியாரையும் தெரியும். பின்னை இறுக்கி அழுத்தினாள். சுவிட்சை அணைத்தாள். நேரே மாமியாரிடம் போனாள்.

"அத்தே, சாமி சொல்றது நெசம்னா நானே தாலியைக் கழட்டி உன் கையில குடுத்துட்டுப் போயிடறேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். ஆனா ஒரு தபா அவரு நெசமாவே காதால கண்டுபிடிக்கறாரான்னு பாத்துடலாம். பந்தல்ல செட்டுக்கு முன்னால கட்டுற திரைக்குப் பின்னால ஒரு தபா நீ உக்காரு, ஒரு தபா நான் உக்கார்றேன். யாருன்னு அவரு சொல்லட்டும்."

"இதுல இன்னாடி சோதிக்கறது? நான் ரோகிணி! நான் உக்காந்தா தேனா கொட்டும்னு சாமி வாயாலயே சொல்லிக்கீறாரு. வர்றேன் வா. அப்பவாச்சும் உனக்குப் புத்தி வரட்டும்."

ராஜாமணியை நான் குறை சொல்ல மாட்டேன். நம்பினாள், நம்பினதைச் சோதிக்கவும் துணிந்தாள். அந்தத் துணிச்சல் பி.ஏ.வுக்கு இல்லை.

பந்தல் கொள்ளாத கூட்டம். செட்டைக் காவித் திரைக்குப் பின்னால் மேசையில் வைத்திருந்தார்கள். திரைக்கு முன்னால் வலமும் இடமும் இரண்டு ஸ்பீக்கர், மஞ்சள் புடவை, மாலை. சாமியாரின் பக்கத்தில் சுப்பன் கிண்ணத்தோடு நின்றான். பின்னால் போய்ச் சந்தனம் பூச அவன் கிளம்புவதற்குள் அம்சவல்லி எழுந்துவிட்டாள்.

"சாமி, நான்தான் அந்த ஆயில்யம். தாலியைக் கழட்டிக் குடுக்கத்தான் வந்துகீறேன். அதுக்கு முன்னாடி ஊரு பாக்க நீங்க ஒரு தபா நிரூபிச்சுடுங்க. திரைக்குப் பின்னால நான் இருப்பேன், இல்லாமலும் இருப்பேன். பாட்டைக் கேட்டு நான் இருக்கேனா இல்லையான்னு சொல்லுங்க. சரியா சொல்லிட்டீங்கன்னா இந்தத் தாலி உங்க காலடியில. இந்தச் சந்தனக் கிண்ணத்து ஆளு மட்டும் அங்கயே நிக்கட்டும்."

சாமியார் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. மாட்டேன் என்றால் கடை சாத்த வேண்டியதுதான். "ஆகட்டும் பெண்ணே!" என்று கையைத் தூக்கினார்.

யாரும் பின்பக்கம் எட்டிப் பார்க்காமல் காவல் நிற்க ஒரு ஆள் வேண்டுமே? "நான் நிக்கறேன்" என்று வத்ஸலா டீச்சர் எழுந்தார். திருநாராயணன் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

கேசட் ஓடியது. நாகசுரம். எல்லாரும் பார்க்க அம்சவல்லி திரைக்குப் பின்னால் போனாள். கொட்டகையின் பின்வழியாக வெளியேறி, சுற்றிக்கொண்டு வந்து, முக்காட்டோடு பெண்கள் கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்தாள். அவள் போன வழியாகவே ராஜாமணி உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்துகொண்டாள்.

"இப்ப சொல்லுங்கோ" என்றார் டீச்சர்.

சாமியார் காதில் கை வைத்தார். முகம் கோணியது. உடம்பு நடுங்கியது. "வந்துவிட்டாள்! சர்ப்பம் வந்துவிட்டது! ஐயோ, என் செவி எரிகிறதே! உங்களுக்குக் கேட்கவில்லையா?"

கேட்காமல் இருக்குமா? "ஆமா, ஆமா! உஸ்ஸுன்னு கேக்குது!" என்றது முன்வரிசை. ஒருவர் பிள்ளையின் காதைப் பொத்தினார். "நாராசம்! நாராசம்!" என்று திருநாராயணன் எழுந்தே நின்றுவிட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் காலடியில் பாம்பு தேடினார்கள். பின்னோ இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. செட்டில் ஒரு பொட்டு உறுமல் இல்லை.

"உள்ளே இருப்பவள் இருக்கும் இடம் விளங்காது! அந்தப் பாவியை வெளியே துரத்துங்கள்!" என்று முழங்கினார் சாமியார்.

டீச்சர் திரையை விலக்கினார். நாற்காலியில் ராஜாமணி. வாயில் வெற்றிலை. கண்ணில் நெருப்பு.

"யாரைய்யா பாவின்ற? நான் ரோகிணிய்யா! தேனு கொட்டும்னு நீதானே சொன்னே?"

பாம்பு தேடியவர்கள் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சாமியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் கை தேர்ந்த ஆள், சும்மா சொல்லக் கூடாது. "அவள் நடந்து போன சூடு இன்னும் ஆறவில்லை. அதுதான் சீறியது" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் அதற்கும் தலையாட்டினார்கள்! தலை இருக்கிறதே, எதற்காவது பயன்பட வேண்டாமா?

"சரி, சூடு ஆறட்டும். இன்னொரு தடவை பார்க்கலாம்" என்றார் டீச்சர்.

திரை மூடியது. ராஜாமணி பின்வழியாக இறங்கினாள். சாமியார் இந்த முறை உஷார். காதைத் தீட்டினார். உறுமல் இல்லை. நிஜமாகவே இல்லாத உறுமலைத் தேடி இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நடந்தார். முகம் மலர்ந்தது.

"ஆகா! சுத்தம். தோஷத்தின் நிழல்கூட இல்லை. அந்தப் பெண் இந்த எல்லையிலேயே கிடையாது. தேன், தேன்!"

"தேனு!" என்றது முன்வரிசை. ஒருவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். "இதுவன்றோ திவ்ய நாதம்!" என்று திருநாராயணன் கண்ணீரே விட்டார்.

இந்தத் தடவை திரையை விலக்கியது டீச்சர் இல்லை. உள்ளிருந்து ஒரு கை விலக்கியது. இன்னொரு கை ஆம்ப்ளிஃபயரின் தலைமேல் இருந்தது.

"நான்தான் சாமி, ஆயில்யம்! இம்மாம் நேரமா பெட்டி மேலயே கை வெச்சிக்கினுதான் உக்காந்திருந்தேன். தேனு நல்லா இருந்துச்சா?"

கூட்டம் சிரிக்கவும் முடியாமல், ஒத்துக்கொள்ளவும் முடியாமல் முழித்தது. ரகுபதி மட்டும் திக்கித் திக்கிக் கேட்டான். "அப்டீன்னா… நம்ம வூட்ல நெசமா உறுமுச்சே அம்சா? நான் என் காதால கேட்டேனே?"

"உறுமுச்சுய்யா. யாரு இல்லன்னது? அத்தே, இங்க வா. இந்தப் பின்னைப் புடிச்சு கொஞ்சம் உருவு."

ராஜாமணி உருவினாள். ம்ம்ம்ம்ம் என்று பந்தல் அதிர்ந்தது.

"நீ ரோகிணிதானே அத்தே? பாம்பை எங்கருந்து கொண்டாந்தே? இப்ப அழுத்து."

அழுத்தினாள். நின்றது. ராஜாமணிக்கு நம்ப முடியவில்லை. மறுபடியும் உருவினாள், அழுத்தினாள். உருவினாள், அழுத்தினாள். ம்ம்ம், நின்றது, ம்ம்ம், நின்றது. பிறகு பின்னைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

"சந்தனம்!" என்றாள். எல்லார் கண்ணும் சுப்பன் கையிலிருந்த கிண்ணத்துக்குப் போயிற்று. ராஜாமணி சாமியாரின் மயிலிறகுக் கட்டைப் பிடுங்கி, சுப்பனின் முதுகில் வைத்தாள் ஒன்று.

"அடிக்காதே தாயி! எனக்கு இன்னா தெரியும்? கண்ணப்பன்தான் உருவச் சொன்னான், நான் உருவினேன்!" என்று அலறினான் அவன்.

கண்ணப்பனா? அது யார்?

"டேய் கஸ்மாலம்! வாய மூட்றா, பேமானி!" என்றார் ஸ்ரீலஸ்ரீ நாதப்பிரம்ம ஓங்காரானந்தா. அவருடைய திருவாயிலிருந்து வந்த முதல் கலப்படமில்லாத பேச்சு அதுதான்.

அப்புறம் எல்லாம் தானாக வந்து விழுந்தது. கண்ணப்பன் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டிக்கொண்டிருந்த ஆள். தொழில் படுத்துவிட்டது. ஸ்பீக்கரின் முதுகில் ஓம் என்று ஒரு சொல் இருப்பது அவனுக்குத் தெரியும். பின்னை உருவினால் உறுமும் என்பதும் தெரியும். இந்த இரண்டையும் வைத்து ஒரு தாலுகாவையே ஆட்டிவைத்துவிட்டான். மிச்ச வேலையை நம் காதுகளே பார்த்துக்கொண்டன. அவனும் சுப்பனும் போலீஸ் ஜீப் வரும்வரை தகரக் கொட்டகைக்குள், அவர்கள் விற்பனைக்கு அடுக்கியிருந்த ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மகள் என்ற பெண் அங்கே வரவே இல்லை. அப்படி ஒருத்தி இருக்கிறாளோ இல்லையோ!

ரகுபதி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அம்சவல்லியின் எதிரே வந்து நின்றான். "வூட்டுக்கு வா அம்சா."

"வர்றேன். அது என் வூடு, வராம எங்க போவேன்? ஆனா ஒண்ணு. நீ வெட்டுன முருங்கையில ஒரு போத்தை எடுத்து நீயே நட்டு, நீயே தண்ணி ஊத்து. அது துளுக்கற வரைக்கும் உன் பேச்சை இந்த வூட்ல யாரும் கேக்கப் போறது இல்ல. இன்னா அத்தே?"

"நான் சொல்றதுக்கு இன்னாடி கீது? வா, வந்து சோத்தை ஆக்கு. இல்ல, இன்னிக்கு நானே ஆக்கறேன்" என்றாள் ராஜாமணி. எட்டு வருஷக் கணக்கை அவள் அப்படித்தான் தீர்த்தாள்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், பந்தலில் மறுபடியும் ஒரு வரிசை! இந்த முறை அம்சவல்லியின் முன்னால். முதல் ஆள் யார் என்று கேட்கவே வேண்டாம். கையில் ஸ்பீக்கரோடு திருநாராயணன், பி.ஏ.

"அம்மா, உங்க கை பட்டதும் உறுமல் நின்னுடுத்து பாருங்கோ, அது சாமான்யம் இல்லே. எங்காத்து செட்டையும் ஒரு தடவை தொட்டுக் குடுத்துடுங்கோ. ஆயில்யத்துக்கு இப்படி ஒரு சக்தி இருக்கும்னு நேக்குத் தெரியாமப் போச்சே!"

வத்ஸலா டீச்சர் முகத்தை மூடிக்கொண்டார். அம்சவல்லி ஒரு நிமிஷம் அவரையும், அவர் பின்னால் நின்ற கூட்டத்தையும் பார்த்தாள். சிரிப்பதா, அடிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அவர் கையிலிருந்த ஸ்பீக்கரை வாங்கி, முதுகைத் திருப்பி, தலைகீழாகக் கவிழ்த்தாள். எட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்த லாடமும் கவிழ்ந்தது.

"இப்போ பாருங்க சாரு. இது இன்னா எழுத்து?"

திருநாராயணன் குனிந்து பார்த்தார். தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நாமம் மாதிரின்னா இருக்கு!"

"ஆங்! இவ்ளோ நாளா அதைத்தான் உங்க எல்லாருக்கும் போட்டுக்கினு இருந்தான். போய் மூஞ்சைக் கழுவிக்கினு, அப்புறமா வூட்ல போய் உங்க கையாலயே பின்னை அழுத்துங்க."